புல்லட் என்னும் பொறுமைசாலி

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் மாணவர் நெஞ்சில் ஒரு கேள்வி முளைவிடுகிறது. பாடத்தைப் பற்றிய கேள்வி என்று பேராசிரியப் பெருமக்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். “என்ன வண்டி வாங்கலாம்?” என்பதே அக்கேள்வி. மரத்தடியிலும், தேநீர்க் கடையிலும், சில வேளைகளில் வகுப்பின் கடைசி வரிசையிலும் இதைப் பற்றி நடக்கும் பட்டிமன்றத்துக்கு நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒருவன் வேகத்தைப் புகழ்வான். இன்னொருவன் தோற்றத்தைப் புகழ்வான். மூன்றாமவன் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவான். முதன்முதலாகக் கியர் வண்டி ஏறும் ஒருவருக்கு எந்த வண்டி நல்ல ஆசானாக இருக்கும் என்று கேட்பவர் மட்டும் மிகச் சிலர்.

அந்தக் கேள்வியை நான் கேட்டேன். ஓராண்டுக் காலம் ஓட்டியும் பார்த்தேன். சென்னையிலேயே வளர்ந்த 350 சி.சி. புல்லட்டும் அதன் உடன்பிறப்புகளும் முதல் வண்டியாக இருக்க முழுத் தகுதி உடையவை என்பது என் முடிவு. “புல்லட்டா! அது மீசை வைத்தவர்கள் ஓட்டும் வண்டியாயிற்றே!” என்று நீங்கள் நகைப்பது என் காதில் விழுகிறது. நன்றாக நகையுங்கள். நகைத்து முடித்தபின் என் வாதத்தையும் சற்றுக் கேளுங்கள்.

நம் தெருக்கள் கேட்பது என்ன?

வண்டியைப் பேசும் முன் வழியைப் பேசுவோம். என் வீடு மந்தைவெளியில் இருக்கிறது. காலையில் இராமகிருஷ்ண மடம் சாலை வழியாக மயிலைத் தெப்பக்குளத்தைக் கடந்து, லஸ் முனையில் காத்துக் கிடந்து, ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் சாலை என்று சுற்றி அண்ணா சாலையைப் பிடித்துக் கல்லூரிக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் அடையாற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமைகளில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பேருந்தில் இவ்விடங்களை எல்லாம் தொட்டுத் திரும்பினால் படிப்பதற்கு நேரம் மிஞ்சுவதில்லை. வண்டி எனக்குத் தேவையானது இப்படித்தான்.

இந்த வழிகளில் எங்கே பறப்பது? மாட வீதிகளில் காய்கறிக் கூடைகளும் பூக்கடைகளும் தெருவில் பாதியைப் பிடித்துக்கொள்கின்றன. பங்குனிப் பெருவிழா வந்துவிட்டால் தேரும் அறுபத்து மூவரும் உலா வரும் அத்தெருக்களில் நமக்கு இடமே இல்லை. தியாகராய நகரில் மாம்பலம் நிலையத்தில் இறங்கி இரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் சாலைக்கு வரும் மக்கள் வெள்ளத்தின் முன் எவ்வளவு பெரிய வண்டியும் கைகட்டி நிற்க வேண்டியதே. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் தொடங்கியபின் லஸ், மந்தைவெளி, பனகல் பூங்கா என்று பல இடங்களில் தடுப்புகளுக்கிடையே சாலை நெளிந்து நெளிந்து போனதைப் பார்த்தோம். அடையாற்றிலிருந்து கிண்டி செல்லும் சர்தார் படேல் சாலை ஒன்றுதான் கையைச் சற்றுத் திருகிப் பார்க்கச் சொல்லும். அங்கும் முன்னே ஒரு பேருந்தோ ஆட்டோவோ இல்லாத நேரம் எது?

சட்டமும் இதையே சொல்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வகுத்த வேக வரம்பின்படி இருசக்கர வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டிக்கும் 30 கிலோமீட்டர்தான். ஆகவே நம் தெருக்கள் நம்மிடம் கேட்பவை மூன்றே. மெல்ல ஊர்ந்து செல்லத் தெரிய வேண்டும். நின்று நின்று புறப்படத் தெரிய வேண்டும். குறுக்கே வருபவருக்காகச் சட்டென்று நிறுத்தத் தெரிய வேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் ஓடும் திறமைக்கு இங்கே வேலை இல்லை.

எட்டுப் போட்டால் போதுமா?

நம் நாட்டில் 18 வயது நிறைந்த எவரும் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் பெறலாம். 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டித் தேறியவர் மறுநாளே 1000 சி.சி. வண்டியில் ஏறி அமர்ந்தாலும் சட்டம் தடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் 2013 முதல் உள்ள முறை வேறு. அங்கே 18 வயது இளைஞருக்கு 35 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 47 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட வண்டி கிடையாது. சில ஆண்டுகள் ஓட்டிப் பழகிய பிறகே எல்லையற்ற உரிமம். அங்கே சட்டம் செய்யும் வேலையை இங்கே நம் அறிவுதான் செய்ய வேண்டும்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் வகுப்புத் தோழன் ஒருவன் உரிமம் பெற்ற இரண்டாம் மாதமே மிக வேகமாக ஓடக்கூடிய வண்டி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினான். ஒரு மழைநாள் மாலை, சர்தார் படேல் சாலையில், முன்னே சென்ற ஆட்டோ திடீரென நின்றது. அவன் பதறினான். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை விட வேண்டிய கை அதை இன்னும் திருகிவிட்டது. அவனுடைய வலக்கால் எலும்பில் இன்று ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. மூன்று மாதம் படுக்கை. பருவத் தேர்வு போயிற்று. அவன் தாயார் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. வண்டியின் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அவனைப் பார்க்கப் போனபோது, “வண்டி என் கையில இல்லடா, நான்தான் வண்டி கையில இருந்தேன்” என்றான். அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். என் தோழன் அந்தக் கணக்கில் சேராமல் தப்பியது அவன் பெற்றோர் செய்த புண்ணியம்.

திருவொற்றியூர்ப் பிள்ளை

இனிப் புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் தன் வண்டி ஒன்றுக்கு இட்ட பெயர் அது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் இராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. வட சென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டுகள் கப்பலேறின. பிறந்த வீடு நொடித்துப்போன பின் புகுந்த வீட்டிலிருந்து மகள் சீர் கொண்டுபோன கதை இது! 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் தோன்றின.

இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தியதாலும், ஊர்ப் பெரிய மனிதர்கள் விரும்பியதாலும், திரைப்படக் கதாநாயகர்கள் ஏறி வந்ததாலும் புல்லட்டுக்கு ஒரு வீர வேடம் அமைந்துவிட்டது. வேடத்தைக் கலைத்துவிட்டு உள்ளே பார்த்தால் தெரிவது ஒரு சாதுவான உழைப்பாளி.

பொறுமை எங்கிருந்து வந்தது?

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் 1980களில் செய்த புல்லட் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதன் எஞ்சின் 346 சி.சி.; திறன் 18 குதிரை. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் நீளமோ 90 மில்லிமீட்டர். குட்டையான ஆள் குடுகுடுவென்று ஓடுவான். நெட்டையான ஆள் நீள நீளமாக அடி வைத்து நடப்பான் அல்லவா? புல்லட் எஞ்சின் இரண்டாம் வகை. அதற்குத் துணையாக உள்ளே கனமான ஃபிளைவீல் ஒன்று சுழல்கிறது. ஒருமுறை சுழலத் தொடங்கினால் எளிதில் நிற்காது. ஆகவே குறைந்த வேகத்திலேயே வண்டிக்கு நல்ல இழுவை கிடைக்கிறது. மிதமான அந்த ‘டப், டப்’ ஓசையின் காரணமும் இதுதான். ஒரே சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு.

அந்தப் பழைய வண்டியைக் கற்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உதைப்பதற்கு முன் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசர் நெம்பைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் உதைத்தால் வண்டி நம் காலைத் திருப்பி உதைக்கும்.

இன்றைய வண்டிகளில் அந்தத் தொல்லைகள் போய்விட்டன. நற்குணம் மட்டும் தங்கிவிட்டது. 2020இல் மீட்டியோரில் வந்த புதிய 349 சி.சி. எஞ்சினே 2021இல் கிளாசிக்குக்கும், 2022இல் ஹண்டருக்கும், 2023இல் புல்லட்டுக்கும் வந்தது. பட்டனை அழுத்தினால் புறப்படுகிறது. கியர் மற்ற வண்டிகளைப் போல் இடக்காலில். திறன் ஏறத்தாழ 20 குதிரை. ஐரோப்பாவில் இளைஞருக்கு இட்ட வரம்பில் பாதிகூட இல்லை. ஆனால் முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர். அதுவும் 4000 சுற்றிலேயே கிடைக்கிறது. 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதில் பாதியும் கிடையாது. சுருங்கச் சொன்னால், இழுக்க வலிமை உண்டு. பாய வெறி இல்லை. அஞ்சிய கை ஆக்சிலரேட்டரைத் தவறித் திருகினாலும் இந்த வண்டி சீறிப் பாயாது; சற்று முனகி, மெல்ல வேகம் எடுக்கும். அந்த ஒரு நொடித் தாமதத்தில்தான் கற்பவரின் உயிர் இருக்கிறது.

நான் கற்ற பாடம்

சேர்த்து வைத்த பணத்தோடு அப்பா கொடுத்ததையும் போட்டுப் பழைய கிளாசிக் 350 ஒன்றை வாங்கினேன். மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சரி என்ற பிறகே பணம் கைமாறியது. ஒரு ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலைக்கு என்னை அழைத்துப் போனார்.

“தம்பி, இன்னிக்கு ஆக்சிலரேட்டரையே தொடக் கூடாது. முதல் கியரைப் போட்டு, கிளட்சை மட்டும் மெல்ல விடு” என்றார்.

விட்டேன். வண்டி தானாகவே நடந்தது! காளை மாடு வண்டியை இழுப்பதுபோல், நான் எதையும் திருகாமலே, நடக்கும் மனிதரின் வேகத்தில் சென்றது. அரைமணி நேரம் அப்படியே எட்டுப் போட்டேன். வண்டியை ஊர்ந்து செலுத்தும் கலை என் கைக்கு அன்று வந்தது. இன்றும் மாட வீதி நெரிசலில் அந்தப் பாடத்தைக் கொண்டே ஓட்டுகிறேன்.

விழவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். கச்சேரி சாலையில் திரும்பும்போது, கைப்பிடி வளைந்திருக்கும் நிலையிலேயே முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். கீழே மணல். வண்டி ஆடி அசைந்து, கோயில் யானை படுப்பதுபோல் மெல்லப் படுத்தது. “அடி பட்டுச்சா தம்பி?” என்று பூக்கார அம்மா ஓடி வந்தார். இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். முழங்கையில் சிராய்ப்பும், மனத்தில் வெட்கமும் தவிர வேறு சேதம் இல்லை. ஊர்ந்துகொண்டிருந்ததால் தப்பினேன். பாய்ந்துகொண்டிருந்தால் இக்கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

மறுப்புக்கு மறுமொழி

“195 கிலோ கனத்தைக் கற்பவர் எப்படித் தாங்குவார்?” என்பது முதல் மறுப்பு. நியாயமானதே. ஓடும்போது கனம் தெரியாது. தள்ளும்போதும் நிறுத்தும்போதும் நன்றாகத் தெரியும். மயிலையின் குறுகிய சந்துகளில் வண்டியைத் திருப்பி நிறுத்த நான் ஒரு மாதம் திண்டாடினேன். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். 805 மில்லிமீட்டர் உயர இருக்கையில் அமர்ந்து இரு கால்களையும் ஊன்ற எனக்கு முடிகிறது. என்னினும் உயரம் குறைந்தவர்கள், மாணவியர் உட்பட, 790 மில்லிமீட்டர் இருக்கையும் 181 கிலோ எடையும் கொண்ட ஹண்டரில் அமர்ந்து பார்க்கலாம். பெண்களுக்கு இது ஆகாது என்பவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. வண்டிக்குத் தெரிந்தது கால் தரையில் ஊன்றுகிறதா என்பது மட்டுமே.

இரண்டாவது மறுப்பு விலை. புதிதாக வாங்கிச் சாலையில் இறக்க ஏறத்தாழ இரண்டு இலட்ச ரூபாய் ஆகும். 2025 செப்டம்பரில் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். ஆயினும் நம் அரசுக் கல்லூரி மாணவர் வீடுகளுக்கு அது பெருந்தொகை. பெற்றோரைக் கடனாளியாக்கி வாங்கும் வண்டி எதுவும் நல்ல வண்டி ஆகாது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். பழைய வண்டி வாங்கலாம். வேலை கிடைக்கும்வரை காத்திருக்கலாம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் நாலைந்து கிலோமீட்டரே என்றால் 100 சி.சி. வண்டியும் போதும்; பேருந்தும் போதும்.

மூன்றாவது, பெட்ரோல். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் அளவில் நான் காண்கிறேன். சிறு வண்டிகள் 60 தருகின்றன. இதில் புல்லட் தோற்றுத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இதே அளவில் ஹோண்டா, ஜாவா போன்றோரின் வண்டிகளும் உண்டு. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியவர், பின்னால் அம்மாவையோ தங்கையையோ ஏற்றிச் செல்பவர், ஆண்டுக்கு இரண்டு முறை மாமல்லபுரம்வரை போய்வர ஆசைப்படுபவர், எப்படியும் பெரிய வண்டிதான் வாங்குவேன் என்று துடிப்பவர், இவர்களுக்கே நான் சொல்கிறேன். பெரியது வேண்டுமானால் பொறுமையுள்ள பெரியதாக வாங்குங்கள்.

சத்தம் வீரமாகுமா?

புல்லட்டை நான் புகழும் இவ்வேளையில் புல்லட் வைத்திருக்கும் நண்பர்கள் சிலரைக் கடிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. வாங்கிய மறுவாரமே கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெடி வெடிப்பதுபோல் ஓசை எழுப்பும் குழாயைப் பூட்டுகிறார்கள். அது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு மந்தைவெளித் தெருவில் அந்த ஓசையோடு ஒருவர் போகும்போது தொட்டிலில் குழந்தை அலறுகிறது. நெஞ்சு நோயாளி எழுந்து உட்காருகிறார். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் புத்தகத்தை மூடுகிறான். சாதுவாகச் செய்த வண்டியைச் சண்டைக்காரனாக்கி, அதன் முதுகில் ஏறிக்கொண்டு நம்மை வீரன் என்று எண்ணுவது பேதைமை. வண்டிக்கு இயல்பாக உள்ள பொறுமை ஓட்டுபவருக்கும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் நான் மேலே எழுதியது அத்தனையும் வீண்.

முடிவுரையாக

எந்த வண்டி வாங்கினாலும் இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். மழையில் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை வாரை மாட்டி அணியுங்கள். கைப்பிடியில் தொங்கும் தலைக்கவசம் கைப்பிடியைத்தான் காக்கும். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று வாங்குங்கள். முதல் ஒரு மாதம் விடியற்காலையில் மட்டும் ஓட்டுங்கள்.

என் தோழன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அந்த வேக வண்டியை விற்று, சங்கிலியை மீட்டுவிட்டார்கள். “இனி வண்டியே வேண்டாம்” என்றிருந்தவன், சென்ற மாதம் என் பின்னால் அமர்ந்து திரு.வி.க. பாலத்தைக் கடக்கும்போது, “எனக்கும் ஒருநாள் குடுடா” என்று கேட்டான். வரும் ஞாயிறு விடியற்காலை பெசன்ட் நகருக்கு அழைத்துப் போகிறேன். அன்று ஆக்சிலரேட்டரைத் தொடக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.